ஏட்டுக்குக் கோடி போட்டது யார்?

செத்துப்போன போலீஸ் ஏட்டு ஏகாம்பரம் மூன்றாம் அத்தியாயத்தில் சுவருக்குள்ளிருந்து தலையை நீட்டி, "எல்லம்மா, சட்னியில உப்பு கம்மி" என்று சொன்னார். செண்பகம் பத்திரிகையைப் பட்டென்று மூடினாள்.

"இன்னா மே ஆச்சு? எறும்பு கடிச்சுதா?" என்றாள் மாமியார் கோவிந்தம்மாள், உரித்துக்கொண்டிருந்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல அத்த. கண்ணுல தூசி."

தூசியாவது மண்ணாவது. அத்தனையும் எரிச்சல்.

'சித்திரவல்லி' வாரப் பத்திரிகையில் இரண்டு வருஷமாக 'குமாஸ்தா வரதப்பன்' என்ற தொடர் வந்துகொண்டிருந்தது. வரதப்பன் ஒரு வக்கீல் குமாஸ்தா. கிழிந்த குடையும் மூக்குப்பொடி டப்பியுமாக அலைந்து, ஊரில் காணாமல் போகும் நகை, மாடு, மாப்பிள்ளை எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார். கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. வேட்டியில் ஒட்டிய புளியை வைத்தே திருடனைப் பிடித்துவிடுவார். கடைசியில் எல்லோரும் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் எல்லம்மாவின் இட்லிக்கடையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எல்லம்மாவுக்குக் கதைக்கு நாலு வரிதான் பேச்சு. அந்த நாலு வரிக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் இருந்தார்கள். செண்பகமும் அதில் ஒருத்தி.

ஆகவே கதாசிரியர் எல்லம்மாவைத் தனிக்குடித்தனம் வைத்தார். 'இட்லிக்கடை எல்லம்மா' என்று தனித் தொடர் வரப்போவதாக அறிவிப்பு வந்தபோது செண்பகம் ஒரு வாரம் தூங்கவில்லை. தனிக்குடித்தனம் அனுப்பும்போது ஊரில் பானை சட்டி கொடுப்பார்கள், இரண்டு மரக்கால் அரிசி கொடுப்பார்கள். இந்த மனிதர் ஒரு பேயைக் கொடுத்தனுப்பியிருந்தார்! எல்லம்மாவின் கடையில் பந்தயம் கட்டி இருபத்தெட்டு இட்லி தின்று, இருபத்தொன்பதாவது தொண்டையில் அடைத்துச் செத்த ஏட்டு, கருமாதி சரியாக நடக்காததால் ஆவியாகி, கடைச் சுவரிலேயே குடியிருக்கிறாராம். சுவர் சுவராகப் புகுந்து பார்த்துவிட்டு வந்து, திருடியது இன்னார் என்று எல்லம்மாவிடம் சொல்லிவிடுவாராம்.

"படி பொண்ணு, படி" என்றாள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி. "சட்னியில உப்பு கம்மின்னாரு. அப்புறம்?"

செண்பகம் படித்தாள். படிப்பதுதான் அந்த வீட்டில் அவளுக்கு வேலை.

அது வாய்த்த கதை இது. கல்யாணமாகி விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்த வருஷம், விதை மல்லாட்டை உரிக்க அவளையும் உட்கார வைத்தார்கள். மெஷினில் உடைத்தால் பருப்பின் தோல் கிழிந்துபோகும். தோல் கிழிந்தது முளைக்காது. அதனால் விதைக்கு மட்டும் கையால்தான் உரிப்பார்கள். மயிலம் பாதையில் இருந்த அவர்கள் நிலத்துக்கு வேண்டிய விதையை உரித்து முடித்ததும் பாஞ்சாலி வீட்டு மூட்டை. அது முடிந்ததும் விதைக்கடை யூசுப் அலியின் மனைவி நூர்நிஷா கொண்டுவரும் மூட்டை. ஒருத்திக்கு ஒருத்தி கைமாற்று. செண்பகம் பள்ளி இறுதி வரை படித்தவள், ரயில்வேக்காரர் வீட்டுப் பெண். முதல் நாளே கட்டைவிரல் பிய்ந்து ரத்தம் வந்துவிட்டது. "இவ கை காயிதம் புரட்டத்தான் ஆவும்" என்று கோவிந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "ஏதாச்சும் படி, நாங்க கேட்டுக்கினே உரிக்கிறோம்" என்றாள். அவள் பங்கையும் மற்ற மூவரும் உரித்தார்கள். மூவருக்கும் எழுத்து வாசனை கிடையாது.

இதில் செண்பகத்துக்கு லாபம் விரல் தப்பியது மட்டுமில்லை. "இருக்கறதையே பத்து வாட்டி படிக்கறவளுக்குப் புதுப் புஸ்தகம் வேணும்" என்று கோவிந்தம்மாளே சொல்லி, வாசகசாலையில் அவளுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சீட்டில் வருவதெல்லாம் அயல்நாட்டு நாவல்களின் மொழிபெயர்ப்பு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் ரஷ்யர்கள், மழையில் நனைந்துகொண்டே காதலிக்கும் பிரெஞ்சுக்காரர்கள். திண்டிவனத்து வெயில் ஓட்டைப் பிளக்கும் நேரத்தில் அவள் முழங்கால் அளவு பனியில் நடந்துகொண்டிருப்பாள். மருமகள் கையில் புத்தகம் இருந்தால் கேள்வி கேட்காத மாமியார் அந்தத் தெருவில் ஒருத்திதான். அது மல்லாட்டைக்காரர்களுக்கு மத்தியானம் படித்துக் காட்டுவதற்காகக் கிடைத்த சலுகை. அது செண்பகத்துக்கு நன்றாகத் தெரியும்.

கணவன் தாண்டவராயன் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீசில் வேலை. வியாழக்கிழமை ஸ்டேஷன் கடையில் 'சித்திரவல்லி' வந்து இறங்கியதும் முதல் பிரதி அவனுக்கு. பாசஞ்சர் முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் தொடரை முடித்துவிட்டு, மயிலம் வரைக்கும் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வருவான்.

"பேய் வந்தப்புறம்தான் கதை சூடு பிடிச்சிருக்கு" என்றான்.

"துப்பறியறதுன்னா யோசிக்கணுங்க. பேய் வந்து பேரைச் சொல்லிட்டா அப்புறம் எல்லம்மா எதுக்கு?"

"இட்லி சுட."

"விளையாடாதீங்க. வரதப்பன் கதையில நாமளும் கூடவே யோசிப்போம். இதுல இன்னாத்த யோசிக்கிறது?"

"ஆபீசுல நாள் பூரா யோசிச்சிட்டுதான் வர்றேன். போவியா!"

வாசகர் கடிதப் பக்கத்திலும் இதே சண்டைதான். 'வரதப்பனைத் திருப்பிக் கொடுங்கள்' என்று கும்பகோணத்திலிருந்து ஒருவர் கெஞ்சியிருந்தார். 'பகுத்தறிவு வளரும் நாளில் பேய்க்கதையா?' என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் இரைந்திருந்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தாலும், ஒரே கடிதத்தில் ஒன்பது ஆச்சரியக்குறி போட்டிருந்ததால் செண்பகத்துக்கு அவரோடு சேர மனம் வரவில்லை. பண்ருட்டிக்காரர் ஒருவர் ஏட்டுக்கும் தனியாக ஒரு தொடர் வேண்டும் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தனிக்குடித்தனத்திலிருந்து ஒரு தனிக்குடித்தனமா!

வாசகர்கள் கிடக்கட்டும். எதிரே உட்கார்ந்திருந்த மூவர்தான் அவள் உயிரை வாங்கினார்கள். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவர்கள் ஏட்டைப் பற்றிச் சட்டம் பேசினார்கள்.

"ஏட்டு எந்தப் பக்கமாப் பார்த்துக்கினு நின்னாரு?" என்பாள் பாஞ்சாலி.

"போடலக்கா."

"போடணுமில்ல? செத்தவன் தெக்கப் பார்த்துதான் நிப்பான். எழுதறவனுக்கு இது தெரியாதா?"

"ஜின்னுன்னு சொல்லு, ஒத்துக்கிறேன்" என்பாள் நூர்நிஷா. "ஏட்டு போயி சுவத்துல குந்திக்கினு இருக்காருன்னா, அதெப்படி? ஆனா நல்ல மனுசன். பாவம், சட்னி கேக்கறாரு. படி, படி."

"செத்தவருக்கு உப்பு எப்பிடி மே தெரியும்?" என்பாள் கோவிந்தம்மாள். "படையல்லயே உப்பு போட மாட்டோமே."

இப்படி அவர்கள் பேய்க்கு நெறிமுறை வகுத்துக்கொண்டிருக்க, சப்ரிஜிஸ்திரார் வீட்டில் சுவர்க்கடிகாரம் திருட்டுப் போன விஷயத்தை ஒருத்தியும் கேட்கவில்லை. துப்பு என்ன, யார்மேல் சந்தேகம், ஒரு கேள்வி கிடையாது. ஐந்து வாரம் பொறுத்தாள். ஆறாவது வாரம் படிக்க எடுத்தபோது வாய்க்கு முன்னால் கண் ஓடிவிட்டது: ஏட்டு சப்ரிஜிஸ்திரார் வீட்டு அரிசிப் பானைக்குள் புகுந்து, கடிகாரம் அங்கே இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, "மருமகன்தான் ஒளிச்சு வெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மர்மம் உடைந்தது. செண்பகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. பத்திரிகையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படிக்க ஆரம்பித்தாள்.

"சப்ரிஜிஸ்திரார் வீட்டிலிருந்து வந்த அரிசியை ஊற வைத்து அரைத்து, எல்லம்மா இட்லி ஊற்றினாள். ஆவி வந்ததும் தட்டைத் திறந்தாள். இட்லியில் எண்ணெய் வாசனை அடித்தது. நல்லெண்ணெய் அல்ல, கடலை எண்ணெயும் அல்ல. 'இது யந்திரத்துக்குப் போடும் எண்ணெய் அல்லவா? அரிசிக்குள் இது எப்படி வந்தது?' என்று எல்லம்மா யோசித்தாள்…"

மூன்று பேருடைய கையும் நின்றது.

"கடியாரம்!" என்று கத்தினாள் பாஞ்சாலி. "அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்கான்!"

"ஐயோ, ஆமாம்!" என்றாள் நூர்நிஷா.

செண்பகத்துக்கு உச்சி குளிர்ந்தது. வரதப்பனே வந்து முதுகில் தட்டியதுபோல் இருந்தது. அந்த மயக்கம் அடுத்த கேள்வி வரும் வரைக்கும்தான்.

"அதிருக்கட்டும்" என்றாள் கோவிந்தம்மாள். "ஏட்டு எங்க?"

"இந்த வாரம் வரல அத்த."

"ஏன்? பேய்க்கு லீவு உண்டா?"

மறு வாரமும் அவரைக் காணோம் என்றால் தொலைத்துவிடுவார்கள். யோசித்து யோசித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அடுத்த வியாழன் கழிந்து படித்தபோது, ஏட்டின் மகன் ராமேஸ்வரம் போய் அப்பாவுக்கு முறைப்படி கருமாதி முடித்துவிட்டதாகவும், ஏட்டு எல்லம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சுவரோடு சுவராய்க் கரைந்துவிட்டதாகவும் சொல்லி முடித்தாள். தன் காதுக்கே அது நன்றாக இருந்தது. ரஷ்ய நாவலின் கடைசிப் பக்கம் மாதிரி.

பாஞ்சாலி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள்.

"கோடி யாரு போட்டாங்க?" என்றாள்.

"என்னக்கா?"

"கருமாதின்னா மச்சான் வீட்ல கோடித் துணி போடணுமில்ல? ஏட்டுக்குப் பொண்டாட்டி இருக்குது, மச்சான் இருக்கான். நாலாம் வாரம் படிச்சியே. அவங்க வந்தாங்களா?"

"அதெல்லாம் போடலக்கா."

"சொல்லாம கொள்ளாமயா முடிச்சிட்டானுங்க!"

அன்றைக்கு நேரத்தோடு எழுந்து போய்விட்டார்கள். செண்பகம் நிம்மதியாக வாசகசாலைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். பனிக்காட்டில் ஒரு பிரபுவின் மகள் சறுக்குவண்டியில் தப்பியோடிக்கொண்டிருந்தாள். பின்னால் ஓநாய்கள்.

அவளுக்குத் தெரியாமல் நடந்தது ஒன்று உண்டு. சந்தைக்குப் போன கோவிந்தம்மாளும் பாஞ்சாலியும் நூர்நிஷாவும் திரும்பும் வழியில் தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் விருத்தாசலத்திடம் உட்கார்ந்து, பத்திரிகைக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டார்கள். வீட்டிலேயே எழுதத் தெரிந்தவள் இருக்கிறாளே என்று நூர்நிஷா கேட்டாளாம். "அவ அந்த ஏட்டைக் கண்டாலே மூஞ்சியச் சுளிப்பா. கோணலா எழுதிடுவா" என்றாளாம் கோவிந்தம்மாள்.

அதற்கடுத்த இரண்டு வாரமும் எல்லம்மா பேயில்லாமல் துப்பறிந்தாள். மூன்றாவது வியாழக்கிழமை தாண்டவராயன் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளைப் பறக்கவிட்டுக்கொண்டு வந்தான். மிச்ச மூட்டையை முடிக்கவேண்டும் என்று மூன்று பெண்களும் பொழுது சாய்ந்தும் கொல்லைக் கொட்டகையில் இருந்தார்கள்.

"அம்மா! உன் பேரு அச்சுல வந்திருக்குது!"

"நெசமாவா? படி, படி!"

"இந்தாங்க, முதல்ல காப்பி குடிச்சிட்டு…" என்று செண்பகம் பத்திரிகைக்குக் கை நீட்டினாள். அவன் எங்கே கொடுத்தான்! கொட்டகை நடுவில் நின்று, தலைவர்கள் பேசுகிற தொனியில் படித்தான்.

"'மகாராஜராஜஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, திண்டிவனம் கோவிந்தம்மாள் வகையறா எழுதிக்கொண்ட மனு. ஏட்டு ஏகாம்பரம் அவர்களுக்கு ராமேஸ்வரத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கருமாதியில் மைத்துனர் வீட்டார் கோடி போட்டதாகத் தகவல் இல்லை. கோடி போடாத கருமாதி செல்லாது. ஆகவே மேற்படியார் திரும்பிவரச் சட்டப்படி தடை ஏதும் இல்லை. சமூகம் கிருபை செய்து அவரை வரவழைக்க வேண்டியது.'"

"விருத்தாசலம் நல்லா எழுதியிருக்கான்" என்றாள் பாஞ்சாலி.

"ஆசிரியர் பதிலும் போட்டிருக்காரு" என்று அவன் சிரித்துக்கொண்டே தொடர்ந்தான். "'ஏட்டு எங்கும் போகவில்லையே! அவருக்கு நாம் கருமாதி செய்யவும் இல்லை. இந்த வாரமும் எல்லம்மாவிடம் சட்னி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். திண்டிவனத்துச் சகோதரிகள் எந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்களோ?'" வாய்விட்டுப் படித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "அதானே! ஏட்டு எங்கமா போனாரு? போன வாரங்கூட கோர்ட்டு மாடியில தூங்கினாரே!"

மூன்று பேரும் செண்பகத்தைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றாள் செண்பகம். "நான்தான் மாத்திப் படிச்சேன். அந்தப் பேயை வெச்சிக்கினு கதை கதையாவே இல்ல அத்த. அதனால…"

நூர்நிஷா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "படிக்கத் தெரியாதவளுங்கதானே, இன்னா சொன்னாலும் கேட்டுப்பாளுங்கன்னு நெனச்சிட்ட இல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

கோவிந்தம்மாள் கத்தவில்லை. புடைத்துக்கொண்டிருந்த முறத்தை ஓரமாக வைத்தாள். "ஒன்ன எங்க கண்ணுன்னு நெனச்சிருந்தோம்" என்றாள். "அந்தக் கண்ணே கண்ணாமூச்சி காட்டுது."

மறுநாள் மத்தியானம் செண்பகத்தின் எதிரே ஒரு முறம் நிறைய மல்லாட்டை வந்து உட்கார்ந்தது. வாசகசாலைப் புத்தகம் தாண்டவராயன் கையோடு திரும்பிப் போய்விட்டது. ஓநாய்கள் வண்டியைப் பிடித்தனவா, பிரபுவின் மகள் பிழைத்தாளா, யாருக்குத் தெரியும்? சீட்டைக் கோவிந்தம்மாள் அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். பத்து நாளில் கட்டைவிரல் இரண்டும் வீங்கின. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. உப்பு எங்கே, கேப்பை மாவு எங்கே என்பதற்கு மேல் அவளிடம் ஒரு பேச்சு இல்லை. அத்தனைக்கும் காரணம் ஒரு தின்னிப்பேய்! அந்த ஏட்டை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நூர்நிஷா கேட்ட கேள்வி வந்து குறுக்கே நின்றால் கோபம் பாதியில் நின்றுபோகும். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாண்டவராயன் படித்துக் காட்டினான். முதல் வரியைப் படிக்குமுன் சிரித்தான். "இது வர்ணனை" என்று சொல்லி அரைப் பக்கத்தைத் தாண்டினான். "பின்னால ஒரு கூத்து இருக்குது பாருங்க, மூக்குத்தியத் திருடினது அந்தப் புரோகிதரு" என்று ஆரம்பத்திலேயே போட்டு உடைத்தான்.

"யப்பா, ஒனக்குப் புண்ணியமாப் போவும், நிறுத்து" என்றாள் பாஞ்சாலி இரண்டாவது ஞாயிறு. "இதுக்கு மழைய வேடிக்கை பார்க்கலாம்."

திங்கட்கிழமை மத்தியானம் கோவிந்தம்மாள் பழைய 'சித்திரவல்லி' இதழ்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து மருமகள் மடியில் போட்டாள்.

"நீ மாத்தின வாரத்துல இருந்து எடு. ஒரு எழுத்து உடக்கூடாது. ஏட்டு இருமினாருன்னு போட்டிருந்தா நீயும் இருமணும்."

செண்பகம் படித்தாள். அச்சில் இருந்தது இருந்தபடி. ஏட்டு சுவரில் புகுந்தார். அரிசிப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "மருமகன்தான்" என்றார். எல்லம்மா "அப்படியா சங்கதி!" என்று வியந்தாள். முற்றும்.

"இவ்ளோதானா?" என்றாள் பாஞ்சாலி.

"இவ்ளோதான்."

"அப்ப இட்லியில மெஷின் எண்ணெ வாசன?"

"அது இதுல இல்லக்கா. அது நான் சொன்னது."

பாஞ்சாலி கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் எறிந்தாள். "இன்னா பேஜாரு இது! பூந்தாராம், பார்த்தாராம், சொன்னாராம். இதுக்கு எல்லம்மா எதுக்குடி?"

செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாதமாக அவள் நெஞ்சுக்குள் கொதித்த அதே கேள்வி.

"அப்ப ஏட்டு வேணாம்ங்கறியா?" என்று பாய்ந்தாள் நூர்நிஷா.

"யாரு சொன்னா வேணாம்னு? ஏட்டு இருக்கட்டும், சட்னி கேக்கட்டும், தூங்கட்டும். கண்டுபிடிக்கறத எல்லம்மா கண்டுபிடிக்கட்டும். செத்தும் அவரு வேலை பார்க்கணுமா? உயிரோட இருந்தப்பவே அவரு ஒரு திருடனப் புடிக்கல."

"அது நியாயம்" என்றாள் கோவிந்தம்மாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "ஒன் சரக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அது நல்லாயில்லைன்னு யாரும் சொல்லல. எங்ககிட்ட சொல்லாம கலந்த பாரு, அதான் ஆவாது. பாலுக்காரன் தண்ணி கலக்கற மாதிரி."

"இனிமே மாத்தலத்த. போட்டது போட்டபடி படிக்கிறேன்."

"மாத்தாதன்னு நான் சொன்னேனா?" கோவிந்தம்மாள் ஒரு பிடி மல்லாட்டையை அள்ளி அவள் முன்னால் வைத்தாள். "அச்சுல இருக்கறதப் படிக்கிற வரைக்கும் ஒன் கை சும்மா இருக்கட்டும். ஒன் சொந்தச் சரக்கு வந்தா மல்லாட்டையை உரிச்சிக்கினே சொல்லு. கை ஓடினா ஒன்னுது, நின்னா அவன்துன்னு நாங்க தெரிஞ்சிக்கிறோம். புரியுதா?"

"புரியுதுங்க அத்த."

"அஞ்சறைப்பெட்டிக்குக் கீழ சீட்டு இருக்குது. எடுத்துக்க."

மறுநாளே அவள் வாசகசாலைக்கு ஓடினாள். அந்த ரஷ்ய நாவலை வானூர்க்காரர் யாரோ எடுத்துப் போயிருந்தார். திரும்பி வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஓநாய்களை ஒரு மாதம் ஓடவிட வேண்டியதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை புது இதழ். செண்பகம் கையைச் சும்மா வைத்துக்கொண்டு ஒழுங்காகப் படித்தாள். டிப்டி கலெக்டர் வீட்டுப் பட்டுப்புடவை காணாமல் போயிருந்தது. எல்லம்மா இட்லித் துணியைப் பிழிந்துகொண்டு யோசித்தாள். பரவாயில்லையே, இந்த ஆள் திருந்திவிட்டாரா என்று செண்பகம் நினைக்கும்போதே பக்கம் திரும்பியது. கடைச் சுவர் மறுபடி பிளந்தது. ஏட்டு வந்தார். அவருக்குப் பின்னால், அவரைப் போலவே ஆவியாகிவிட்ட அவருடைய மாமியார் வந்தாள். மாமியாரின் இடுப்பில் அவளோடு கிணற்றில் விழுந்து செத்துப்போன வெள்ளாடு.

"'மே' என்றது ஆடு. 'புடவையைத் திருடியவனை எனக்குத் தெரியும் என்கிறது' என்று மொழிபெயர்த்தாள் மாமியார்" என்று படித்துவிட்டு, செண்பகம் நிறுத்தினாள்.

பாஞ்சாலி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நூர்நிஷா "யா அல்லா, ஆடுமா?" என்றாள்.

கோவிந்தம்மாள் பத்திரிகையை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு மல்லாட்டைக் குவியலை இரண்டு கையாலும் மருமகள் பக்கம் தள்ளினாள்.

"உரிடி" என்றாள்.